பொன்னாடை இருக்கட்டும், வீசுகோல் எங்கே?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அம்பாசமுத்திரம் பக்கம், அரசு மேல்நிலைப் பள்ளி. இரண்டு வருடமாக அவளுக்கு வெண்புள்ளி இருக்கிறது. கண்ணோரத்தில் தொடங்கி இப்போது உதட்டோரத்துக்கும் விரல் நுனிக்கும் வந்துவிட்டது. நன்றாகப் பாடுவாள். பள்ளி வில்லுப்பாட்டுக் குழுவில், வில் நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்துக் கதை சொல்வது அவள்தான். ஆகஸ்ட் 15 விழாவுக்கு ஒத்திகையெல்லாம் பார்த்த பிறகு, "சீஃப் கெஸ்ட் வாராங்க, போட்டோவுக்கு நல்லா இருக்காது" என்று ஆசிரியை அவளைப் பின்னால் ஜால்ரா தட்ட வைத்துவிட்டார். நான் போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியை வருத்தப்பட்டார். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில் அவளை மேடையேற்றி, "தன்னம்பிக்கை மாணவி" என்று பொன்னாடை போர்த்துவதாகச் சொல்கிறார். மகளோ "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமியார் ஏதோ அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைக்கிறார். போன மாதம் ஒரு மறுவீட்டில் அவள் சொதி பரிமாறப் போனபோது என் நாத்தனார், "ஏட்டி, நீ போய் உக்காரு, நான் ஊத்திக்கிடுதேன்" என்று பந்தியில் வைத்தே வாளியைப் பிடுங்கினார். "இவள எப்படிக் கட்டிக் குடுக்கப் போறிய?" என்றும் கேட்கிறார். ஆவணியில் அவர் வீட்டில் கல்யாணம். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஒரு அம்மா

பதில்: அன்புத் தங்கைக்கு,

பொன்னாடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிரித்த முகத்தோடு, மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 அன்று வீசுகோல் உங்கள் மகள் கையில் இருக்க வேண்டும். பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

தலைமை ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனசுக்காரர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஆசிரியை பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பின்னால் தள்ளினார். இன்னொருவர் அதே முகத்தைப் பார்த்து மேடைக்குக் கூப்பிடுகிறார். அவள் பாட்டை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. பதினாலு வயசுப் பிள்ளை மைக் முன்னால் நின்று "இத்தனை குறை இருந்தும் சாதிக்கிறாள்" என்று தன்னைப் பற்றி யாரோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? அவள் கதவைச் சாத்திக்கொள்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த டிசம்பர் 3 நாளும் பொருந்தவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன. குள்ளத்தன்மை இருக்கிறது, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெண்புள்ளி இல்லை. பாடவும் படிக்கவும் ஓடவும் உங்கள் மகளுக்கு உடம்பு ஒரு தடையும் போடவில்லை. தடை போட்டது போட்டோ பற்றிய கவலை. வெண்புள்ளிக்கென்றே ஜூன் 25 உலக தினம் ஒன்று 2011 முதல் இருக்கிறது. அந்த நாளில் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பாடம் நடத்தினால் நான் கைதட்டுவேன். ஆனால் அன்றைக்கும் உங்கள் பிள்ளையை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டக் கூடாது.

அப்படியானால் ஒதுக்கப்பட்டவர்களைக் கொண்டாடவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொண்டாடலாம். எதற்காக என்பதுதான் விஷயம். நர்த்தகி நடராஜ் 2019ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். ஆனால் விருது கலைப் பிரிவில், அவருடைய பரதநாட்டியத்துக்காகக் கிடைத்தது. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள். வில்லுப்பாட்டு என்றாலே ஆண்கள் என்று இருந்த காலத்தில், சின்ன வயதிலேயே மேடை ஏறி, கோயில் கொடை விழாக்களில் வீசுகோல் பிடித்தவர். 2018ல் காலமானார். கேட்டவர்கள் இன்றும் அவர் குரலைத்தான் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களோ என்னவோ. பள்ளிக்கூட வில்லுப்பாட்டு என்றாலே பிளாஸ்டிக் ஒழிப்பும் மழைநீர் சேகரிப்பும்தான் என்று ஆகிவிட்டது, அது வேறு வருத்தம்.

சரி, காரியத்துக்கு வருவோம். முதலில் பிள்ளையைக் கேளுங்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றால் பொன்னாடை வேண்டாமா, வில்லும் வேண்டாமா? இரண்டும் வேறு. எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பூக் கட்டும்போதோ கீரை ஆயும்போதோ, கை வேலையாக இருக்கும் நேரத்தில் கேட்டால் இந்த வயசுப் பிள்ளைகள் வாய் திறக்கும். பாட வேண்டும் என்றால் நீங்கள் பள்ளிக்குப் போங்கள். இந்தத் தடவை வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளை முன்னால் தள்ளி நாம் ஜெயிக்க வேண்டிய வழக்கு இல்லை இது.

பள்ளிக்குத் தனியாகப் போகாதீர்கள், கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோல் மருத்துவரிடம் "இது தொற்று இல்லை, எல்லா நிகழ்ச்சியிலும் பங்கேற்கலாம்" என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சீட்டு தேவைப்படுவதே அநியாயம்தான், ஆனால் ஆபீஸ் மேசையில் காகிதம் பேசுகிற மாதிரி நாம் பேச முடியாது. ஆசிரியையைத் திட்டாதீர்கள். "ஒத்திகையில அவதானே கதை சொன்னா, அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்றால் போதும். போட்டோ பேச்சு மறுபடி வந்தால், "போட்டோல அவ எப்படி இருக்காளோ அப்படியே வரட்டும்" என்று சொல்லுங்கள். மேக்கப் போட்டு மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் முடிவு மகளுடையது. அவளுக்கே ஆசை என்றால் போடட்டும், அதில் தப்பில்லை. மேடை ஏறுவதற்கு அது நிபந்தனையாக இருக்கக் கூடாது.

அங்கே நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அதற்குத் தலைவர் பெற்றோர்களில் ஒருவர்தான், பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே இருப்பார். அதற்கும் மேலே என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

ஊர் வாய்க்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நான்கு பிள்ளைகள் சைகை மொழியில் கையாலேயே சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் நிற்பவர் பஸ் வருகிறதா என்றுதான் பார்ப்பார். வெளியூர்க்காரர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பாளையங்கோட்டைக்காரர்கள் பிறவியிலேயே பெருந்தன்மைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் மகள் பின்வரிசையில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தால் ஊர்க் கண் எப்போது பழகும்? வில்லுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அவள் கதை சொன்னால், முதல் ஐந்து நிமிஷம் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் கதை என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள்.

அதே சமயம், அவள் மாதிரி முகம் வெளியிலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவது நல்லது. கனடா நாட்டு மாடல் வின்னி ஹார்லோ உடம்பெல்லாம் வெண்புள்ளியோடு உலக மேடைகளில் நடக்கிறார். மம்தா மோகன்தாஸ், தமிழிலும் நடித்தவர், 2023 ஜனவரியில் தனக்கு வெண்புள்ளி வந்திருப்பதைப் படத்தோடு வெளியே சொன்னார். மகளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். "அவங்களைப் பாரு, நீயும் அப்படித் தைரியமா இரு" என்று தினமும் பாடம் எடுக்காதீர்கள். சும்மா இருக்கவும் அழவும் அவளுக்கு உரிமை உண்டு.

யாராவது "முகத்துல என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். "வெண்புள்ளி, ஒட்டாது" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே எதிராளியாக நடித்து, சிரிக்கச் சிரிக்க நாலு தடவை சொல்லிப் பழக்குங்கள்.

மாமியார் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். அவர் அரைப்பது கார்போக அரிசி என்ற மூலிகை விதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கொடுப்பதுதான், பொய்யில்லை. ஆனால் அதில் இருக்கும் சோரலென் என்ற பொருள் தோலில் பட்டு வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் போடும். சில சமயம் தீக்காயம் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு பூசுவது, எத்தனை நிமிஷம் வெயில் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரியாமல் நம் ஊர் வெயிலில் உட்கார வைப்பது ஆபத்து. மாமியாரை எதிர்க்க வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, "வாங்க அத்தை, அங்க போய்க் கேட்டுட்டே பூசுவோம்" என்று அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவிலும் காட்டிவிடுங்கள். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களையே தவறாகத் தாக்குவதால் வருவது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். களிம்பு, புற ஊதா ஒளிச் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. முகத்தில் நிறம் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம், உதடும் விரல் நுனியும் பிடிவாதம் பிடிக்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒரு மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். புளி, எலுமிச்சை, தயிர் ஆகாது என்று யாராவது பத்தியம் சொன்னால், வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. தோல் உரசும் இடத்தில் புதிதாகப் புள்ளி வரலாம். பாவாடை நாடாவை இடுப்பில் தடம் பதியும் அளவுக்கு இறுக்க வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டையும் விட்டுவிட்டு சாந்துப்பொட்டுக்கு மாறிப் பார்க்கலாம். அந்தப் பசை ஒத்துக்கொள்ளாமல் பொட்டு வைத்த இடமே வெளுத்துப் போனவர்கள் உண்டு. புள்ளி உள்ள இடம் வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும். மதியம் குடையோ முழுக்கையோ அதற்காகத்தான். அதை மகளிடம் விளக்கமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அம்மாவும் மறைக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

கல்யாணப் பேச்சு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. உங்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். பரம்பரைக்குச் சிறு பங்கு உண்டு, ஆனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வெண்புள்ளி இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. மிச்சத்தை அவள் படித்து முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவசியம் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகாமல் இருந்தால் பிள்ளையை வீட்டில் பூட்டிவைத்தோம் என்றுதான் ஆகும். ஆனால் அதற்கு முன் உங்கள் கணவர் தன் அக்காவிடம் பேசியாக வேண்டும். நீங்கள் பேசினால் அது மதினி-நாத்தனார் சண்டை என்று ஊர் சிரித்துவிட்டுப் போகும். தம்பி போய், "அக்கா, அன்னைக்குப் பந்தியில வாளியப் புடுங்குனது எனக்கு வலிக்கி. இனிமே அப்படிச் செய்யாத. எம் புள்ள பரிமாறுனா சாப்பிடுதவங்க சாப்பிடட்டும்" என்று சொன்னால் அக்காவுக்கு உறைக்கும். போனில் வேண்டாம், நேரில் போகச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் பத்திரிகை வைக்க அவர் உங்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கே பேசிவிடலாம். அன்றைக்குக் காபி டம்ளரை மகளே கொண்டுவந்து கொடுக்கட்டும், அவளுக்கு இஷ்டமிருந்தால்.