நிலத்த உழைக்கிறவங்களுக்கே எழுதிக் குடுத்தா பிள்ளைங்க சாப்பாடு மாறுமா?

சிங்கப்பூர் தோ பாயோலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் தாத்தா வழியில வந்த நாலு ஏக்கர் இருக்கு, நாங்க யாரும் ஊருக்குப் போய் விவசாயம் பண்ணப்போறதில்ல, அதுல ரொம்ப வருஷமா கூலிக்கு வேலை செய்யுற நாலு குடும்பத்துக்கே ஆளுக்கு ஒரு ஏக்கர் எழுதிக் குடுக்கலாமான்னு பாக்குறோம், அந்தப் பிள்ளைங்க எல்லாம் நோஞ்சானா இருக்கு, நிலம் வந்தா நல்லா சாப்பிடுமா இல்ல மாசாமாசம் காசு அனுப்புறது மேலான்னு.

குடுங்கக்கா. காசு அனுப்புறது தப்பில்ல, ஆனா நீங்க நிறுத்துற அன்னிக்கு அது நின்னுடும். அதுக்காக பத்திரம் கைக்கு வந்ததும் தட்டு மாறிடும்னு நெனைக்காதீங்க, எப்படி குடுக்குறீங்கங்கிறதுலதான் இருக்கு.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அங்க வயித்துக்கு அரிசி இருக்கு. ரேஷன்ல இலவசமாவே கிடைக்குது. ஸ்கூல் போற பிள்ளைக்கு சத்துணவுல முட்டையும் உண்டு. அடி வாங்குறது ரெண்டு வயசுக்குள்ள வீட்டுல இருக்குற குழந்தையும் மாசமா இருக்குற அம்மாவும்தான், பருப்பு பால் கீரை முட்டை இதெல்லாம் அவங்களுக்குத்தான் எட்டுறதில்ல. ஒரு ஏக்கர்லயும் நெல்ல மட்டும் போட்டு மொத்தமா வித்தா காசு ஒரே தடவை வரும், வந்த வேகத்துல கடனுக்குப் போயிடும்.

டெல்டாவுல சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நெல்லு நிக்கும்போதே உள்ள உளுந்து பயறு தெளிச்சு விடுவாங்க தெரியுமா, அந்த ஈரத்துலயே முளைச்சு தண்ணி பாய்ச்சாமலே வந்துடும். கூலிக்குப் போறவங்களுக்கு அந்த உளுந்து சொந்தமில்ல. சொந்த வயல்னா ரெண்டு மூட்டை வீட்டுக்குன்னு எடுத்து வச்சுக்கலாம், வைக்கோல் மிஞ்சுறதால ஒரு மாடு கட்டலாம், வரப்புல அகத்தியும் துவரையும் போடலாம். நிலம் வந்தா பிள்ளை தட்டுக்கு என்ன வரும்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன், நெல்ல இல்ல.

அடுத்தது ரொம்ப முக்கியம், அந்த வீட்டு அம்மா பேர்ல எழுதுங்க. 1968ல கூலி உயர்வு கேட்டதுக்காக 44 பேர எரிச்சுக் கொன்னாங்களே கீழ்வெண்மணி, அது உங்க ஊர்லேர்ந்து தூரமில்ல. அந்தப் பக்கமே தங்கி வேலை செஞ்ச கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவங்க வீட்டுக்காரரும் 1981ல லாஃப்டிங்கிற அமைப்ப ஆரம்பிச்சு நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடுத்தப்போ பொம்பளைங்க பேர்லதான் பதிஞ்சாங்க. நேபாளத்துல நடந்த ஒரு ஆய்வுலயும் அம்மாவுக்கு சொந்த நிலம் இருக்குற வீட்டுல ரொம்ப எடை குறைஞ்ச குழந்தைங்க கம்மியாதான் இருந்துச்சு. அம்மா பேர்ல இருந்தா வீட்டுக்காரர் நெனச்ச நேரத்துக்கு ஒத்திக்கு வைக்க முடியாது, உளுந்த விக்கிறதா வச்சுக்கிறதான்னு அவங்க பேச்சும் எடுபடும்.

மூணாவது, நிலத்த மட்டும் குடுத்துட்டு கைய கழுவிடாதீங்க. விதை, உரம், நடவுக் கூலி, உழவு டிராக்டர் வாடகைன்னு மொத வருஷம் செலவு இழுக்கும், அதுக்கு வழியில்லாமதான் வந்த நிலத்த ஒத்திக்கு விட்டுடுறாங்க, அதனால நீங்க மாசாமாசம் அனுப்பலாம்னு வச்சிருந்த காச மொத ரெண்டு போகத்துக்கு அங்க போடுங்க. வாய்க்கால் தண்ணி நாலு துண்டுக்கும் எட்டுற மாதிரி பிரிங்க, கடைமடைத் துண்டு ஒருத்தருக்கு மட்டும் போயிடக்கூடாது. நடவு நேரத்துல அம்மா நாள் பூரா வயல்லயே கிடந்தா கைக்குழந்தைக்குப் பாலு தப்பும், அந்த வாரத்துல வீட்டுல பாத்துக்க ஆள் இருக்கான்னும் கேளுங்க.

குழந்தைங்க உயரம் ஒரு வருஷத்துல மாறாதுக்கா, ஏற்கனவே வளர்ந்த பிள்ளைய விட இனிமே பொறக்குற பிள்ளைக்குத்தான் பலன் தெரியும்.

பத்திரத்துக்கு வருவோம். நீங்க சிங்கப்பூர் சிட்டிசனா இருந்தா இந்தியாவுல விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனா பரம்பரையா வந்தத அங்கேயே இருக்குற இந்தியக் குடிமக்களுக்கு தானமா எழுதலாம். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும், போக முடியாதவங்க இங்க இந்திய ஹை கமிஷன்ல பவர் பத்திரத்த அட்டெஸ்ட் பண்ணி அனுப்பலாம். ஸ்டாம்ப் செலவ அவங்க தலையில கட்டாம நீங்களே ஏத்துக்கங்க, பதிவு முடிஞ்ச கையோட பட்டாவும் அந்த அம்மா பேருக்கு மாறுச்சான்னு பாத்துடுங்க.