சூப்பர்நோவா ஆராய்ச்சி செய்வதால் யாருக்கு என்ன லாபம்?

“பெரிய நட்சத்திரம், சூப்பர்நோவா என்று ஆராய்ச்சி செய்கிறவர்களால் யாருக்கு என்ன லாபம்? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சூப்பர்நோவா என்றால் நட்சத்திரம் வெடித்துச் சிதறுவது. வேலையையும் சேர்த்துக் கேட்டதால், உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வானியல்தான் படிப்பேன் என்று நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பெண்ணாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வில் தேறி, நேர்காணலிலும் தேர்வானால் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் பிஎச்.டி. சேரலாம். உதவித்தொகை உண்டு. 2023 முதல் தொடக்கத்திலேயே மாதம் 37,000 ரூபாய். அதற்குப் பிறகு நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டும்.

இனி லாபம். இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் என் அப்பா.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் 31 வருடம் மோல்டராக இருந்தார். பம்ப்செட்டுக்கு வார்ப்படம் செய்கிற இடம். மண்ணைப் பெட்டியில் இடித்து, அச்சு எடுத்து, உருகிய இரும்பை லேடிலில் வாங்கி ஊற்ற வேண்டும். கைரேகைக்குள் கருப்பு மண் எப்போதும் இருக்கும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது.

2008-ல் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் பேராசிரியர் எனக்கு 1987ஏ என்ற சூப்பர்நோவாவைக் கொடுத்தார். 1987 பிப்ரவரி 24, சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் மலை. தொலைநோக்கியை இயக்கும் ஆஸ்கர் துஹால்டே இரவில் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மெகல்லன் மேகம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில், அதற்கு முன் அந்த இடத்தில் அவர் கண்டிராத ஒரு நட்சத்திரம் நின்றது. அதே இரவில் அதே மலையில் இயன் ஷெல்டன் எடுத்த புகைப்படத் தகட்டிலும் அது பதிந்திருந்தது. தூரம் ஏறக்குறைய 1,68,000 ஒளியாண்டு. வெறும் கண்ணால் நன்றாகப் பார்க்கும்படி ஒரு சூப்பர்நோவா 1604-க்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தது. நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலிருந்தும், தென் அடிவானத்தை ஒட்டித் தெரிந்த அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையை எடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்க வானியலாளர்கள் அதன் மொத்த ஒளியை இரவு இரவாக அளந்து வெளியிட்ட அட்டவணைதான் என் கையில் இருந்தது. அதை கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்து வந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்து “இதென்ன கண்ணு?” என்றார்.

சூரியனைவிட 25 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஒன்றை எடுத்துச் சொன்னேன். ஹைட்ரஜன் எரிந்து தீர 70 லட்சம் வருடம். அந்தச் சாம்பல்தான் அடுத்த விறகு. கார்பன் சுமார் 600 வருடம், ஆக்ஸிஜன் ஆறு மாதம், கடைசியாகச் சிலிக்கான் ஒரே ஒரு நாள். சிலிக்கான் எரிந்தால் நடுவில் இரும்பு சேரும். இரும்பை இன்னும் சேர்த்து அழுத்தினால் சூடு கிடைக்காது, சூட்டைத் தின்னும். தாங்கிக்கொண்டிருந்த அடுப்பு அணைந்ததும் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் உள்ளே சரிந்துவிடும், வெளிப்பகுதி வெடித்துச் சிதறும்.

“இரும்புலதான் முடியுதா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, கிராஃபைப் பார்த்தார். வெடித்து நாலு மாதத்துக்குப் பிறகு புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் மெதுவாக இறங்கின, ஒரு வருடத்துக்கும் மேலாக. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே வந்தார்.

“வெடிச்சுச் சிதறிடுச்சுன்னா சட்டுனு ஆறிடணுமே. இத்தனை மாசம் ஆறாம இருக்குதுன்னா உள்ளுக்குள்ள இன்னொரு அடுப்பு எரியுதுன்னுதானே கண்ணு அர்த்தம்?”

எனக்கு அதைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆகியிருந்தது. அடுப்பு இருக்கத்தான் செய்கிறது. வெடிப்பின் சூட்டில் நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல் உண்டாகிறது. அது சில நாட்களில் கோபால்ட்-56 ஆகிறது. கோபால்ட் 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து இரும்பாக மாறுகிறது. அந்தச் சூடுதான் வெளிச்சம். 1987ஏ-யில் உண்டான நிக்கல், சூரியனின் எடையில் 0.07 பங்கு. பூமியைப் போல 23,000 பூமிகளின் எடை. அத்தனையும் இரும்பாகிறது. எங்கள் முன்னால் இருந்த கோடு, இரும்பு உண்டாகிக்கொண்டிருப்பதன் கோடு.

கமெண்டில் யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்தின் நடுவில் சேர்ந்த அந்த இரும்பு நம்மிடம் வருவதில்லை. அது உள்ளே சரிந்து நியூட்ரான் குவியலாகிவிடும். நமக்கு வருவது வெடிப்பில் பிறந்த நிக்கல் மாறி உண்டான இரும்பு. அதுவும் முழுக்கப் பெரிய நட்சத்திரத்தால் அல்ல. பெரும்பங்கு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்கள், அதாவது விறகு தீர்ந்து சுருங்கிய சின்ன நட்சத்திரங்கள், வெடித்து வந்தது. வெள்ளைக் குள்ளன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற எல்லையை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட ஆரம்பித்தார். சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு.

என் கோட்டின் சரிவிலிருந்து கணக்குப் போட்டால் 77 நாள் வர வேண்டும். எனக்கு 75 வந்தது. பயந்துகொண்டேதான் காட்டினேன். பேராசிரியர் அழிக்கச் சொல்லவில்லை. நாளாக ஆகச் சிதறல் விரிந்து மெலிகிறது, கோபால்ட் விடும் காமா கதிரில் கொஞ்சம் உள்ளே மாட்டாமல் நேராக வெளியே தப்பிவிடுகிறது, அதனால் ஒளி கொஞ்சம் வேகமாகத்தான் மங்கும் என்றார். அந்தக் காமா கதிரைச் செயற்கைக்கோளே 1987-ல் பிடித்துவிட்டது என்றும் சொன்னார். நான் தப்பு என்று நினைத்த 2 நாளுக்குள் அவ்வளவு இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு கோபத்தையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் இருட்டறையில் சோடியம் விளக்கு மூன்று வருடமும் எரியவில்லை. உடைந்த பெஞ்சுகளை அங்கே அடுக்கிவைத்திருந்தார்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்கு சீனியர் ரெக்கார்டைக் கொடுத்து “ரீடிங்கை எழுதிக்கோங்க” என்றார்கள். நாற்பது பேருக்கும் ஒரே விடை, புத்தகத்தில் உள்ள விடை. அந்தப் பழக்கத்தோடு இருந்திருந்தால் 75-ஐ அழித்துவிட்டு 77 என்று எழுதியிருப்பேன். நான் இப்போது பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை. என் வகுப்பில் யாரும் பார்க்காத ரீடிங்கை எழுதக் கூடாது. இதனால் பிராக்டிகல் மதிப்பெண் குறைகிறது என்று பெற்றோர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வரட்டும்.

நான் ஆராய்ச்சிக்குப் போகவில்லை. அந்த வருடம்தான் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி வேலைக்குப் போக முடியாமல் ஆனது. பி.எட். முடித்து வேலையில் சேர்ந்தேன். யார் மேலும் வருத்தமில்லை. ஆனால் லடாக்கில் ஹான்லே, 4,500 மீட்டர் உயரத்தில் சந்திரசேகர் பெயரில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூரு பக்கம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் மனசு அங்கே போய்விடுகிறது. 2023 மே 19 அன்று ஜப்பானின் கோய்ச்சி இதாகாகி ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். அதை ஹான்லேயும் நம் வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டும் தொடர்ந்து பார்த்தன. வெடிப்பதற்கு முன் அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றி வாயுவைக் கொட்டியிருந்தது தெரிந்தது. சாகப்போகிற நட்சத்திரம் கடைசிக் காலத்தில் ஏன் அப்படிக் கொட்டுகிறது என்பது இன்றைக்கும் திறந்த கேள்விதான். உங்கள் பிள்ளைக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது.

2008-ல் அன்று ராத்திரி அப்பா இன்னொன்றும் கேட்டிருந்தார். “நடுவுல சரிஞ்சது என்ன ஆச்சு? யாராச்சும் பாத்தாங்களா?” இன்னும் யாரும் பார்க்கவில்லைங்கப்பா என்றேன். 2024 பிப்ரவரியில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 1987ஏ-யின் நடுவில் நியூட்ரான் நட்சத்திரம் இருப்பதற்கான தடயத்தைப் பிடித்த செய்தி வந்தது. அன்று மாலை பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை பெருசு இருக்கும்?”

“இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் 20 கிலோமீட்டருங்கப்பா. இங்கிருந்து சூலூர் தூரம்.”

“அத்தனை இரும்பும் அதுக்குள்ளயா” என்று கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.