காலேஜ் பசங்க தாங்களே ரேஸ் கார் கட்டி மோதுற ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்கு முதல் தடவையா வெளிநாடு போறோம், 600 சிசி பைக் எஞ்சின். பவரை கூட்டுறதா, வெயிட்டைக் குறைக்கிறதா, எதுல கவனம் வெக்கணும்?

ரெண்டுக்கும் முன்னாடி நான் ஒண்ணு கேக்குறேன். உங்க கார் ஒரே மூச்சுல 11 கிலோமீட்டர் ஓடி, எஞ்சினை ஆஃப் பண்ணி, மூணு நிமிஷம் சும்மா நின்னு, திரும்ப ஸ்டார்ட் ஆகி இன்னொரு 11 கிலோமீட்டர் ஓடியிருக்கா? நடுவுல டிரைவரை மாத்தி ஓட்டுற என்டூரன்ஸ்ங்கிற நீண்ட ஓட்டம் இதேதான். ஓடலைன்னா பவரும் வேணாம் வெயிட்டும் வேணாம், முதல்ல அதை ஓட வைங்க.

நீங்க டீம் கேப்டனா இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். சேசிஸ் வெல்டிங் முடிஞ்சிருக்கும், எஞ்சின் இன்னும் ஸ்டாண்டுல நிக்கும், குரூப்புல யாராவது சுவிட்சர்லாந்து ஜூரிச்ல இருக்கிற ஈடிஎச் யுனிவர்சிட்டி பசங்களோட ஏஎம்ஸெட் டீம் வீடியோவைப் போட்டிருப்பாங்க. 2023 செப்டம்பர்ல 0-100 கிலோமீட்டரை 0.956 விநாடில தொட்டாங்களே, அது. அதைப் பாத்து எனக்கும் புல்லரிச்சுது, நெஜமாவே பெரிய சாதனை. ஆனா அந்த கார் 240 கிலோவாட், தரையோட உறிஞ்சிப் புடிக்க ஃபேன் எல்லாம் வெச்சு ரெக்கார்டுக்குன்னே செஞ்சது. போட்டி ரூல்ல எலக்ட்ரிக் காருக்கு வரம்பே 80 கிலோவாட்தான். அந்த டீம் 2006ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் கார் கட்டிட்டு வர்ற டீம். அதைப் பாத்துட்டு நம்ம முதல் காருக்கு டார்கெட் வெக்கக்கூடாது.

பெட்ரோல் கார்ல பவர் துரத்துறதுல இன்னொரு சிக்கல் இருக்கு. 710 சிசி வரைக்கும் எந்த எஞ்சின் வெச்சாலும் உள்ள போற காத்து மொத்தமும் ரெஸ்ட்ரிக்டர்ங்கிற 20 மில்லிமீட்டர் குறுகல் ஓட்டை வழியாதான் போயாகணும். அந்த ஓட்டைல காத்து ஒலி வேகத்தைத் தொட்டுட்டா அதுக்கு மேல ஒரு துளி கூட வராது, நீங்க எக்ஸாஸ்ட்டை என்ன ட்யூன் பண்ணாலும் சரி. டிராக்கும் உங்களை வேகமா போக விடாது, அமெரிக்க ரூல் புக்ல என்டூரன்ஸ் சராசரி வேகம்னு போட்டிருக்கிறதே மணிக்கு 48லேர்ந்து 57 கிலோமீட்டர், நேர் ரோடு 77 மீட்டருக்கு மேல இருக்காது. கோனுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறதுதான் பாதி நேரம். அதனால பவரா வெயிட்டான்னா வெயிட்டுதான்னு எல்லாரும் சொல்லுவாங்க, எங்க சீனியர்ஸும் அதையேதான் சொன்னாங்க. அந்த பேச்சைக் கேட்டுதான் நாங்க மாட்டினோம்.

எங்க டீம்ல நான் வயரிங் ஹார்னஸும் (கார் முழுக்க ஓடற வயர் கட்டு) இசியுவும் (எஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பாத்தேன். கார் கப்பல்ல போகணும். நாங்க போட்டி தேதியிலேர்ந்து பின்னாடி எண்ணி பிளான் போட்டு வெச்சிருந்தோம், ஷிப்பிங் ஏஜென்ட் வந்து பெட்டி ஏழு வாரம் முன்னாடியே ஒர்க்‌ஷாப்பை விட்டு கிளம்பணும்னு சொன்ன அன்னிக்கு யாரும் சரியா சாப்பிடல. ஏன்னா அந்த ஏழு வாரத்தைத்தான் டெஸ்டிங்குன்னு எழுதி வெச்சிருந்தோம். எஞ்சின் காருக்குள்ள முதல் தடவை ஸ்டார்ட் ஆனதுக்கும் பெட்டிக்கு ஆணி அடிச்சதுக்கும் நடுவுல 11 நாள், அதுல கார் உருண்ட நேரத்தை எல்லாம் கூட்டினா ஒரு மணி நேரம் கூட தேறாது, நாலு லேப் அஞ்சு லேப் ஓட்டுவோம், ஏதாவது லீக் ஆகும், உள்ள தள்ளிட்டு வந்து அரை மணி நேரம் நோண்டுவோம், திரும்ப ஸ்டார்ட் பண்ணுவோம், ஸ்டார்ட் ஆகும், சந்தோஷமா இருக்கும். அந்த அரை மணி நேரத்துல எஞ்சின் ஆறியிருக்குங்கிறது யாருக்கும் தோணல. எனக்கும் தோணல, நான்தான் இசியு பாத்தவ.

இதுக்கு நடுவுல வெயிட்டு குறைக்கணும்னு பேட்டரியை மாத்தினோம். பெரிய பேட்டரியை எடுத்துட்டு சின்ன லித்தியம் பேட்டரி, 900 கிராம் மிச்சம். கேப்டன் அண்ணா கேட்டாரு, நானும் சரின்னு சொன்னேன். இதுல அவரை மட்டும் குத்தம் சொல்ல நான் வரல.

போட்டில இன்ஸ்பெக்‌ஷன்ல ரெண்டு நாள் போச்சு. 60 டிகிரி சாய்க்கிற டில்ட் டேபிள்ல தப்பிச்சோம், நாய்ஸ் டெஸ்ட்ல 110 டெசிபல் தாண்டிப் போய் மஃப்ளருக்குள்ள பேக்கிங் மாத்திட்டு திரும்ப வந்தோம், நாலு வீலும் லாக் ஆகுற பிரேக் டெஸ்ட் மூணாவது முயற்சிலதான் கிடைச்சுது. எல்லா ஸ்டிக்கரும் ஒட்டின காரைப் பாத்து நாங்க அழுதோம், அதுக்குள்ளயே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

என்டூரன்ஸ்ல முதல் டிரைவர் பதினோரு கிலோமீட்டரையும் சுத்தமா ஓட்டிட்டு வந்தான். டிரைவர் மாத்துற இடத்துக்குள்ள மூணு பேருக்கு மேல விடமாட்டாங்க, நான் வேலிக்கு வெளிய நின்னேன். பெல்ட் போட்டாச்சு, கையைத் தூக்கியாச்சு, ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் புடிக்கல. இன்னொரு தடவை. அதுவும் புடிக்கல. மூணாவது தடவை ஸ்டார்ட்டர் சத்தமே எறங்கிடுச்சு, வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிற எனக்கே பேட்டரி சாகுறது காதுல கேக்குது. தள்ளி ஸ்டார்ட் பண்ண ரூல் விடாது, வெளி பேட்டரியும் வெக்க முடியாது. மார்ஷல் கையைக் காட்டினாரு, காரை ஓரமா தள்ளினாங்க.

பேடாக்குல, அதாவது டீம்கள் காரை நிறுத்தி வேலை பாக்குற இடத்துல, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா நாலும் பெட்ரோல்ல நனைஞ்சு கெடக்கு. க்ராங்கிங் ஃபியூல் டேபிள்னு ஒண்ணு இசியுல இருக்கும், கூலண்ட் எவ்ளோ சூடோ அதுக்கு ஏத்த மாதிரி ஸ்டார்ட் ஆகும்போது எவ்ளோ பெட்ரோல் போகணும்னு. நான் 60 டிகிரி வரைக்கும் ஓட்டிப் பாத்து நம்பர் போட்டிருந்தேன், அதுக்கு மேல இருந்த கட்டத்துல எல்லாம் அதே நம்பரை காப்பி பண்ணி விட்டிருந்தேன். அன்னிக்கு இசியு பதிஞ்சு வெச்ச டேட்டா லாக்ல கூலண்ட் 104 டிகிரி. எஞ்சினை ஆஃப் பண்ணதும் தண்ணி ஓட்டம் நின்னு சூடு இன்னும் ஏறும், அந்த சூட்டுல தேவைக்கு மேல பெட்ரோல் ஊத்தி பிளக்கை முழுக அடிச்சிருக்கு. பதினோரு கிலோமீட்டரும் ஃபேன் விடாம ஓடினதுல சின்ன பேட்டரி ஏற்கனவே பாதி காலி. ரெண்டும் சேந்துதான் எங்க காரைக் கொன்னுச்சு. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு க்ராங்க் பண்ணா பெட்ரோலை கட் பண்ற ஃப்ளட் கிளியர் செட்டிங் எங்க இசியுலயே இருந்துச்சு, ஆன் பண்ணவும் இல்ல, டிரைவருக்கு சொல்லிக் குடுக்கவும் இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு கார் ஆறினதும் பேட்டரியை சார்ஜ் பண்ணி பட்டனை அமுக்கினோம், உடனே ஸ்டார்ட் ஆச்சு. அந்த சத்தம் கேட்டப்ப வந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல.

பாயிண்ட் கணக்குல சொல்லணும்னா, அமெரிக்க முறைல மொத்தம் 1000, அதுல என்டூரன்ஸ் 275, எஃபிஷியன்சி (எரிபொருள் சிக்கனம்) 100. என்டூரன்ஸ் முடிக்காத காருக்கு எஃபிஷியன்சி கிடையாது. அதாவது 375 பாயிண்ட், ஏறக்குறைய மொத்தமும் போச்சு. 900 கிராம் கொறைச்சதுல ஆட்டோகிராஸ்ல (ஒரு லேப் நேரத்தை வெச்சு போடற போட்டி) என்ன லாபம் கிடைச்சிருக்கும்? ஒண்ணு ரெண்டு பாயிண்ட் கூட இருக்காதுன்னு இப்ப தோணுது.

இங்க யாராவது வந்து "ஒரே ஒரு போட்டிக்குப் போயிட்டு அட்வைஸ் பண்றியா"ன்னு கேப்பீங்க. ஆமா, இன்டர்நேஷனல் ஒரே ஒரு தடவைதான் போனேன், நான் எக்ஸ்பர்ட்னு சொல்லல. ஏரோ பாக்குறவங்களும் கோவிச்சுக்காதீங்க, விங் வேணாம்னு நான் சொல்லல, கார் ஓடி முடிச்சதுக்கு அப்பறம் விங் போடுங்கன்னுதான் சொல்றேன். எலக்ட்ரிக் டீம்காரங்க இது எங்களுக்கு இல்லைன்னு நெனைக்க வேணாம், உங்களுக்கு ரெயின் டெஸ்ட் இருக்கு, 120 விநாடி தண்ணி அடிச்சு இன்னொரு 120 விநாடி காத்திருக்கும்போது கரண்ட் கசிவைக் கண்காணிக்கிற இன்சுலேஷன் மானிட்டர் ட்ரிப் ஆனா அதோட சரி. அதையும் பெட்டிக்குள்ள போடறதுக்கு முன்னாடி நீங்களே தண்ணி அடிச்சுப் பாத்திருக்கணும்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாத ஒண்ணு, ஆனா சொல்லியே ஆகணும். நான் டீம்ல சேந்த முதல் வருஷம் எனக்குக் குடுத்த வேலை பிசினஸ் பிளான் பிரசன்டேஷன். "நீ நல்லா பேசுவம்மா, அதைப் பாரு"ன்னாங்க. எங்க செட்ல சேந்த மூணு பொண்ணுங்களுக்கும் அதேதான், ஒருத்திக்கு காஸ்ட் ரிப்போர்ட், ஒருத்திக்கு ஸ்பான்சருக்கு மெயில் போடறது. க்ரிம்ப் பண்ண, அதாவது வயர் முனையில டெர்மினலை அழுத்திப் பொருத்த, கத்துக்க ராத்திரி ஒர்க்‌ஷாப்புல இருக்கணும்னா பொண்ணுங்க ஆறு மணிக்கு மேல கூடாதுன்னு சாவியை வாங்கிட்டாங்க, நான் வயரையும் க்ரிம்பிங் டூலையும் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்து கட்டில்ல உக்காந்து முழு ஹார்னஸையும் கட்டினேன். அந்த ஹார்னஸ் போட்டி முழுக்க ஒரு எடத்துல கூட கட் ஆகல. இதை ஏன் சொல்றேன்னா, ஆளை வேலைக்குப் பிரிக்கும்போது முகத்தைப் பாத்துப் பிரிக்காதீங்க. அதே நேரம் பிரசன்டேஷன் 75, காஸ்ட் 100, டிசைன் 150, மூணும் சேத்து 325 பாயிண்ட், கார் ஒரு அடி நகராமலே கிடைக்கிறது. அதை டம்மி வேலைன்னு சொல்ற சீனியர் யாரா இருந்தாலும் ரூல் புக் படிக்கலைன்னு அர்த்தம். டிசைன் ஜட்ஜஸ் ஏன் இப்படி செஞ்சீங்கன்னு கேட்டுட்டு டெஸ்ட் டேட்டாவைக் காட்டச் சொல்லுவாங்க, எங்ககிட்ட சிமுலேஷன் படம்தான் இருந்துச்சு. ஓட்டின மணி நேரம் இல்லைன்னா அங்கயும் அடிதான்.

அதனால டிசைனை இன்னிக்கே பூட்டுங்க. இனிமே யார் புது ஐடியா கொண்டு வந்தாலும் அடுத்த வருஷ நோட்டுல எழுதி வைங்க. ரெண்டு டிரைவரையும் வெச்சு நான் மேல சொன்ன 11, மூணு நிமிஷம், 11 டெஸ்ட்டை டேட்டா லாக் ஆன் பண்ணி ரெண்டு மூணு தடவை செய்யுங்க, நல்ல வெயில் நேரத்துல செய்யுங்க. ஒவ்வொரு தடவை முடிஞ்சதும் ஒருத்தர் காரைச் சுத்தி வந்து எல்லா நட்டையும் தொட்டுப் பாக்கணும், லாக் நட்டுக்கு வெளிய ரெண்டு த்ரெட் தெரியணும், எக்ஸாஸ்ட் பக்கத்துல நைலான் நட்டு இருந்தா மெட்டல் லாக் நட்டா மாத்திடுங்க, சூட்டுல நைலான் தாங்காது.

உங்க கார் கப்பல்ல போகுதா ஃப்ளைட்ல போகுதா, பெட்டி எந்த தேதி கிளம்புதுன்னு கேள்வில போடல. லித்தியம் பேட்டரி இருந்தா அதை ஃப்ளைட்ல ஏத்த தனி பேப்பர் வேலை இருக்கு, அதையும் இப்பவே ஏஜென்ட்கிட்ட கேட்டுடுங்க. தேதியைச் சொன்னீங்கன்னா உங்களுக்கு ஓட்டிப் பாக்க நெஜமா எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு உக்காந்து கணக்கு போட்டுத் தர்றேன்.