உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சி வீட்டிலேயே ப்ளீச் தயாரிக்க முடியுமா? இரண்டு ஸ்டீல் ஸ்பூனும் மொபைல் சார்ஜரும் போதுமா?

முடியும். ஆனால் ஸ்பூனால் முடியாது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தண்ணீர் பழுப்பாவதைக் காட்டி "வேலை நடக்குது பாருங்க" என்பார்கள். அது ஸ்பூன் கரைகிற நிறம். நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் வரை குரோமியம் இருக்கும். நேர்முனையில் வைத்தால் அது அறு இணைதிறன் குரோமியமாகவும் கரையக்கூடும். புற்றுநோய் உண்டாக்குகிற சரக்கு. அந்தத் தண்ணீரால் வீடு துடைப்பதைவிடத் துடைக்காமல் இருப்பது நல்லது.

நேர்முனைக்குத் தேவை ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டேனியம் வலை. பூச்சு இருந்தால் மங்கிய கறுப்பாக இருக்கும். பளபளக்கும் சாம்பல் நிற வலையைப் பூச்சு உள்ளது என்று தலையில் கட்டுவார்கள். அதை நேர்முனையில் மாட்டினால் ஆக்சைடு படலம் பிடித்து ஆம்பியர் சட்டென்று விழுந்துவிடும். எதிர்முனைக்கு அதே வெறும் டைட்டேனியம் போதும். இரண்டுக்கும் இடைவெளி 3 முதல் 5 மி.மீ. முனைகளை மாற்றி மாட்டாதீர்கள், பூச்சு போய்விடும். செம்புக் கம்பியும் கிளிப்பும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். செம்பு கரைந்தால் உருவான ப்ளீச்சையே அது சிதைக்கும்.

இனி கணக்கு. 2 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு. அயோடின் உப்பு கூடவே கூடாது என்று இங்கேயே யாராவது வந்து மிரட்டுவார்கள். அதிலிருக்கும் அயோடின் 30 பிபிஎம் அளவுதான், பெரிய விஷயமில்லை. உண்மையான தொல்லை கல் உப்பிலும் போர் தண்ணீரிலும் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும். எதிர்முனையில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். ஆகவே சுத்தமான தூள் உப்பு, ஆர்.ஓ. தண்ணீர்.

மின்னோட்டத்தை நிர்ணயிக்கக்கூடிய பவர் சப்ளையில் 5 ஆம்பியர் வையுங்கள். வோல்ட் 4, 5 என்று தானாக நிற்கும். மொபைல் சார்ஜர் இதைத் தாங்காது. நேர்முனையின் பரப்பு 40, 50 சதுர செ.மீ. இருந்தால் போதும். ஒரு ஆம்பியர்-மணிக்கு 1.32 கிராம் குளோரின் என்பது ஃபாரடே விதிப்படி (பாய்ந்த மின்சாரத்துக்கு இவ்வளவு பொருள்தான் உருவாகும் என்கிற விதி) உச்சம். 2 மணி நேரத்தில் 13.2 கிராம் வரவேண்டும். வராது. உருவான ஹைப்போகுளோரைட்டே, அதாவது ப்ளீச்சின் வேலை செய்யும் பொருளே, திரும்ப எதிர்முனையில் சிதையும், நேர்முனையில் குளோரேட் என்கிற வேண்டாத உப்பாக மாறும். கைக்கு வருவது 8, 9 கிராம், அதாவது லிட்டருக்கு 4.5 கிராம் வரை. இன்னும் நாலு மணி நேரம் ஓட்டினால் கடைச் சரக்கு மாதிரி கெட்டியாகும் என்பது கனவு. இதே முறையில் ப்ளீச் தயாரிக்க ஜெனீவாவின் ஆன்டெனா அமைப்பு உருவாக்கிய வாட்டா கருவியே லிட்டருக்கு 25 கிராம் உப்பில் 6 கிராம் அளவில்தான் நிற்கிறது.

சூடு 40 டிகிரியைத் தாண்டினால் குளோரேட் வேகமாகக் கூடும். நம் ஊர் வெயிலில் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீர் டப்பில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கூடவே நாலரை லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். மூடி போடாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

அளக்காமல் பயன்படுத்தக் கூடாது. குளத்து நீருக்கான ஸ்ட்ரிப் இந்த அடர்த்தியில் நிறம் வெளுத்து "குளோரின் இல்லை" என்று பொய் சொல்லும். 5 மி.லி. மாதிரியில் பொட்டாசியம் அயோடைடும் வினிகரும் சேர்த்தால் கரும்பழுப்பாகும். 0.1 நார்மல் அடர்த்தியுள்ள சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டு சொட்டாக விடுங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசல், கருநீலமாகும். நீலம் மறைகிற சொட்டில் நிறுத்துங்கள். செலவான மி.லி.யை 0.709 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் குளோரின் என்று வரும். 6.3 மி.லி. என்றால் 4.5 கிராம்.

இதைச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. ஊர் ஊராக மேல்நிலைத் தொட்டியில் கழுவிய தேதியைப் பெரிதாக எழுதுகிறார்கள், தெருக்கோடிக் குழாயில் மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்கிறதா என்பதை எழுதிய தொட்டி எங்கே? பிளீச்சிங் பவுடர் மூட்டையை வாய் கட்டாமல் மோட்டார் அறை ஈரத்தில் போட்டுவிட்டு, சாக்கில் குளோரின் 33 சதவீதம் என்று அச்சடித்திருப்பதை நம்பி அள்ளிப் போடுகிறார்கள். சரி, அது வேறு கதை.

லிட்டருக்கு 4.5 கிராம் என்றால் 0.45 சதவீதம். தரை, மேசை துடைக்க 0.1 சதவீதம் போதும்: இந்தக் கரைசல் ஒரு பங்குக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர். குடிநீரில் ஊற்றச் சொல்லவில்லை, பிறகு என்மேல் பாயாதீர்கள். வீட்டுத் தயாரிப்பில் குளோரேட் எவ்வளவு என்று உங்களால் அளக்க முடியாது. "கடையில் பாட்டிலே கிடைக்குதே" என்பவர்களுக்கு: வாங்குங்கள், தப்பே இல்லை.

இருட்டான பாட்டிலில், லேசாக மூடி, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். எதிர்முனையின் வெள்ளையை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் முதலில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு. ப்ளீச் ஒட்டியிருக்கும்போது அமிலம் பட்டால் குளோரின் வாயு நேராக முகத்துக்குத்தான் வரும். கழிவறை ஆசிட்டுக்கும் அதே விதி.