தேறாத படங்களை என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: நீர்வண்ணத்தில் கோயில் குளம் வரைந்தேன். எல்லாம் கலங்கிச் சேறாகிவிட்டது. எறிந்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். கனமான பருத்தித் தாள்தானே? குழாய்த் தண்ணீரில் காட்டி, மெல்லிய ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். அல்ட்ராமரைனும் மண் நிறங்களும் ஓரளவு வந்துவிடும். தேலோ நீலம் வராது. இழையில் ஊறிக் கறையாக நின்றுவிடும். நிற்கட்டும், அடுத்த படத்துக்கு விடியற்கால வானம் இலவசமாகக் கிடைத்தது. நன்றாகக் காய்ந்தபின் குவாஷ் எடுங்கள். அது அடியில் இருப்பதை மறைக்கும் வண்ணம். படிக்கட்டில் விழும் வெயிலைத் திரும்பக் கொண்டுவரலாம். பாஸ்டல் என்ற வண்ணக் கட்டியும் பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் தேகா, தகட்டில் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் மோனோடைப் அச்சில் முதல் பிரதி எடுத்தபின், வெளிறி வரும் இரண்டாம் பிரதியின் மேல் பல முறை பாஸ்டலால் வரைந்திருக்கிறார். உங்கள் குளமும் இப்போது அப்படியொரு வெளிறிய பிரதிதான்.

கேள்வி: எண்ணெய் வண்ண ஓவியத்தின் மேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: கூடாது. கடையில் டப்பாவில் விற்கும் ஜெஸ்ஸோ பெரும்பாலும் அக்ரிலிக். எண்ணெய்ப் பரப்பை அது சரியாகப் பற்றாது. பிறகு பாளம் பாளமாக உரியும். எண்ணெய்க்கு மேல் எண்ணெய்தான். காய்ந்த படத்தின் மேடுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். ஈய வெள்ளை, காட்மியம் இரண்டின் தூசியும் நஞ்சு.

கேள்வி: அக்ரிலிக் படத்தின் மேல் எண்ணெய் வண்ணம்?

பதில்: தாராளமாக.

கேள்வி: வான்கோவே தோற்ற படங்களை மூடிவிட்டுத்தானே வரைந்தார்?

பதில்: தோற்றவை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவருக்குக் கான்வாஸ் வாங்கவே காசு போதவில்லை. 1887இல் வரைந்த புல்வெளிப் படமொன்றின் அடியில் ஒரு பெண்ணின் முகம் இருப்பதை 2008இல் எக்ஸ்ரே ஆய்வு காட்டியது. இன்னொரு படத்தின் பின்புறத்தில், ஒட்டியிருந்த அட்டைக்கு அடியில் அவருடைய தன்னுருவம் இருப்பது 2022இல் எடின்பரோவில் தெரியவந்தது. இவற்றில் எது தோல்வி, எது சிக்கனம் என்று எக்ஸ்ரே சொல்லாது.

கேள்வி: படத்தைக் கிழித்து ஒட்டலாம் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இது அவமரியாதை இல்லையா, ஐயா?

பதில்: மிதிக்கச் சொல்லவில்லையே! அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் தம் சித்திரங்களையே கிழித்து, துண்டுகளை ஒட்டிக் கொலாஜ் ஆக்கினார். 1951 கண்காட்சியில் விலைபோகாத கான்வாஸ்கள் சில அவற்றுக்கு அடித்தளமாயின. 1955இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் கேலரியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அவருடைய சிறந்த வேலைகளில் அவற்றைச் சேர்ப்பேன்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் அமெரிக்கக் கலைஞர் பால்டெசாரி தம் படங்களை எரித்ததும் சரியா?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 1953 முதல் 1966 வரை வரைந்தவற்றில் தம் கையில் இருந்தவற்றை 1970இல் தகனம் செய்தார். சாம்பலில் கொஞ்சத்தைப் பிஸ்கட் மாவில் கலந்து சுட்டார். துணிச்சல்தான். ஆனால் அதில் எஞ்சியது ஒரு கருத்து. கிராஸ்னரிடம் எஞ்சியது பார்ப்பதற்கு ஒரு படம். எனக்குப் படம்தான் வேண்டும்.

கேள்வி (கிழிப்பதை எதிர்த்தவர்): எரிப்பது தவறு, கிழிப்பது சரி என்கிறீர்கள். கோடு எங்கே?

பதில்: பழைய படத்தில் ஓர் அங்குலமாவது நன்றாக வந்திருந்தால் அதைக் காப்பாற்றக் கிழிக்கிறோம். எல் வடிவ அட்டைத்துண்டுகள் இரண்டை எடுத்து, சட்டம்போல் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். எங்கோ ஒரு மூலை உயிரோடு இருக்கும். அதை வெட்டி எடுங்கள், மிச்சத்தைக் கிழியுங்கள். வீட்டுப் பெரியவர்கள் உறங்கும் நேரமாகப் பார்த்துச் செய்தால் போயிற்று.

கேள்வி: எண்ணெய்ப் படம் நன்கு காய்ந்து மூன்று வருடமாகிறது. இப்போது ஜெஸ்ஸோ பூசலாமா?

பதில்: முப்பது வருடமானாலும் கூடாது.

கேள்வி: பழைய தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தகடு உரிகிறது. புதுப்பிக்க முடியுமா?

பதில்: என் துறையல்ல. அந்த வேலை தெரிந்த கைவினைஞரிடம் காட்டுங்கள். தயவுசெய்து ஜெஸ்ஸோ பூசாதீர்கள்.

கேள்வி: மகள் வேண்டாமென்று ஒதுக்கிய படங்களை வைத்து நான் கொலாஜ் செய்யலாமா?

பதில்: அவளிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜெஸ்ஸோவை எண்ணெய் வண்ணத்தின் மேல்...

பதில்: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கிழிப்பதை எதிர்த்தவர்): சரி, கிழித்துவிட்டேன். எந்தப் பசை?

பதில்: அக்ரிலிக் மேட் மீடியம் (பளபளப்பில்லாமல் காயும் அக்ரிலிக் கலவை), அல்லது அமிலம் இல்லாத வெள்ளைப் பசை. மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். துண்டின் பின்புறத்திலும் அடித்தாளிலும் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மெழுகுத்தாள் போட்டு, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, காலை வரை தொடாதீர்கள்.