வட்டி குறைந்தது, தவணை ஏன் குறையவில்லை?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டினோம். பாக்கி 17.8 லட்சம். மாறும் வட்டி, இப்போது 8 சதவீதத்துக்கு இறங்கியும் மாதத் தவணை அதே 20,285 ரூபாய்தான். கணவருக்கு வயது 38, சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. ஓவர்டைம் நின்றதிலிருந்து கைக்கு 31,000 வருகிறது. என் தையலில் 5,000 வரும். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். தவணை கட்ட மூன்று வட்டிக்கு 60,000 வாங்கிவிட்டோம். நகையில் இரண்டு சவரன் செயின்தான் மிச்சம். ஏலச்சீட்டை இப்போதே எடுத்துக் கட்டலாமா? இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? வீட்டை 8,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கேட்கிறார்கள்; ஓ.டி.யில் (கடலூர் பழைய நகரம்) மாமியார் வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் யோசனை.

பதில்: முதலில் அந்த மூன்று வட்டி. காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும், வருடக் கணக்கில் அது 36 சதவீதம். 8 சதவீதக் கடனைக் கட்ட 36 சதவீதக் கடன்! மாதம் 1,800 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசல் அசையவில்லை. செயினை விற்று இதை அடைத்துவிடுங்கள். அடகு வேண்டாம், அது இன்னொரு வட்டியைத்தான் கொண்டுவரும். பெண்ணுக்கென்று வைத்திருந்தேன் என்பீர்கள். புரிகிறது. ஆனாலும் விற்கத்தான் சொல்வேன்.

இனி தவணை. ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 2025-ல் மட்டும் 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு வந்தது. வட்டி இறங்கும்போது வங்கிகள் பெரும்பாலும் தவணையைத் தொடுவதில்லை, மாதங்களைக் குறைத்துவிடும். உங்கள் கணக்கிலும் அதுதான் நடந்திருக்கிறது. இதே தொகையைக் கட்டினால் சுமார் 11 வருடத்தில் கடன் முடியும். சம்பளம் முழுதாக வந்த காலத்தில் அது நல்லது. இப்போது உங்களுக்கு வேண்டியது நேர்மாறு.

மீதிக் காலத்தை 20 வருடமாக நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கணவருக்கு 58 ஆகும்போது முடியும். தவணை சுமார் 14,900-க்கு வரும், மாதம் 5,400 மிச்சம். சும்மா வராது, கடைசி வரை கட்டினால் கூடுதல் வட்டி ஏறத்தாழ 9 லட்சம். ஆனால் கடைசி வரை அப்படியே கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஓவர்டைம் திரும்பினால் அந்தப் பணத்தை அசலில் போடுங்கள். சீட்டும் அப்படித்தான். இப்போதே பெரிய தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு எடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. கடைசி மாதங்களில் எடுத்து அசலுக்குக் கட்டுங்கள்.

கட்டாமல் விடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு வீட்டையே கையகப்படுத்தலாம். இரண்டு மாதம் விட்டவர்கள் மூன்றாம் மாதம் மூன்று தவணையைச் சேர்த்துக் கட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

மாமியார் வீட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. 8,000 வாடகை வந்தால் கையிலிருந்து போடுவது 7,000-க்குள் அடங்கும். கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டுப் போனவர்கள் ஏதாவது பேசுவார்கள்தான், அவர்களில் ஒருவரும் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை. மாமியாரோடு ஒத்துப்போகுமா என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை!

அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே கணவரோடு வங்கிக்குப் போங்கள். ஓவர்டைம் இருந்த மாதச் சம்பளச் சீட்டும், இப்போதைய சீட்டும், கடன் கணக்கு அறிக்கையும் கையில் இருக்கட்டும். வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாமல் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: இது மறுசீரமைப்பு (கட்டச் சிரமப்படுபவருக்காகக் கடன் நிபந்தனையை மாற்றியது) என்று பதிவாகுமா? ஆகும் என்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடி வாங்கும், பிள்ளைகளின் கல்விக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கலாம்.