எஸ்11 அருமையாக வருகிறது, ஆனால் தரையில் வைத்தால் வெறும் கோடுகள்: என் ஜிபிஆர் ஆண்டெனாவில் என்ன பிழை?

ஜிபிஆருக்காக, அதாவது நிலத்துக்குள் பார்க்கும் ரேடாருக்காக, 400 மெகாஹெர்ட்ஸ் போ-டை ஆண்டெனா (இரண்டு முக்கோணத் தகடுகள் நுனியோடு நுனி பார்க்கும் வடிவம்) செய்திருக்கிறீர்கள். எஸ்11, அதாவது கொடுத்த திறனில் ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் பங்கு, −25 டெசிபல். ஆனால் தரையில் இழுத்தால் திரை முழுக்கக் கிடைக்கோடுகள், 30 செ.மீ. ஆழத்தில் நீங்களே புதைத்த குழாய்கூடத் தெரியவில்லை என்கிறீர்கள்.

எனக்கு முதலில் உறுத்துவதே அந்த −25தான். ஒரே அலைவெண்ணில் இவ்வளவு கூர்மையாகப் பள்ளம் விழுந்தால், ஆண்டெனா அங்கே மட்டும் ஒத்ததிர்கிறது என்று பொருள். ரேடியோவுக்கு அது போதும். நிலத்துக்குள் பார்க்கும் ரேடாருக்கு 200 முதல் 600 மெகாஹெர்ட்ஸ் வரையாவது ஒரே சீராகப் போக வேண்டும். குறுகிய பட்டை ஆண்டெனா அடித்த வெண்கல மணி மாதிரி, துடிப்பு போன பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும். எங்கே இழுத்தாலும் அந்த அதிர்வு ஒரே மாதிரி பதிவாவதால்தான் கிடைக்கோடுகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணின் ஒப்புமை விடுதிறன் (மண் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 9 என்றால் அலை நானோ வினாடிக்கு 10 செ.மீ. போகும். போய்வர 60 செ.மீ. என்பதால் உங்கள் குழாயின் எதிரொலி 6 நானோ வினாடியில் வந்துவிடும். ஆண்டெனா 8 நானோ வினாடி அதிர்ந்தால் குழாய் அதற்குள் அமுங்கிவிடும். மென்பொருளில் எல்லாப் பதிவுகளின் சராசரியை ஒவ்வொரு பதிவிலிருந்தும் கழித்தால் கோடுகள் மறையும்தான். கிடையாகக் கிடக்கும் உண்மையான மண்ணடுக்கும் சேர்ந்தே மறையும். அதனால் அதிர்வை ஆண்டெனாவிலேயே அடக்குங்கள்.

மின்னோட்டம் தகட்டின் நுனியில் முட்டித் திரும்புவதுதான் அதிர்வின் மூலம். நுனியை நெருங்க நெருங்கத் தடையைக் கூட்டினால் திரும்பும் அலை தேய்ந்துவிடும் என்று வூ, கிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இலேயே காட்டினார்கள். செப்புத் தகட்டில் குறுக்கே பிளவுகள் வெட்டி, சிப் ரெசிஸ்டர்களை ஏறுவரிசையில் பற்றவையுங்கள். திறனில் பெரும்பகுதி வெப்பமாகப் போகும். துடிப்பு சுத்தமாக இருக்க அந்த விலை கொடுக்கத் தகும்.

இன்னொன்று, ஆண்டெனாவைக் காற்றில் வைத்து அளக்காதீர்கள். மண்மீது வைத்ததும் ஒத்ததிர்வு கீழே இறங்கும், மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்கு ஆண்டெனா காட்டும் மொத்தத் தடை) மாறும். தரையோடு ஒட்டி இழுத்தால் ஆற்றல் மண்ணுக்குள் நன்றாக இறங்கும். செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ரிம்ஃபாக்ஸ் ரேடாருக்கு (150 முதல் 1200 மெகாஹெர்ட்ஸ்) அந்த வசதி இல்லை. பாறைகளுக்கு மேலே ஓட வேண்டியிருப்பதால் ஆண்டெனாவை உயரத்தில்தான் பொருத்தினார்கள்.

பேலன் (கேபிளின் உறையில் மின்னோட்டம் பாயாமல் தடுக்கும் இணைப்பு) இல்லாமல் கோ-ஆக்சியல் கேபிளை நேராகக் கொடுத்திருந்தால், அனுப்பும் ஆண்டெனா, பெறும் ஆண்டெனா இரண்டோடு கேபிளின் உறையே மூன்றாவது ஆண்டெனாவாகிவிடும். கேபிளைக் கையால் நகர்த்தும்போது படம் மாறினால் அதுதான் சிக்கல்.

ரெசிஸ்டர் வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். திறந்தவெளியில் ஆண்டெனாவை வானம் பார்க்கத் திருப்பிப் பதிவு செய்யுங்கள். அங்கே எதிரொலிக்க ஒன்றுமில்லை. ஆகவே தெரிவதெல்லாம் ஆண்டெனாவின் சொந்த அதிர்வும், இரண்டு ஆண்டெனாக்களுக்கு இடையே நேராகப் பாய்வதும்தான். எந்த மாற்றம் செய்தாலும் இந்தப் பதிவோடு ஒப்பிடுங்கள். குழாயை ஈரக் களிமண்ணில் புதைத்திருந்தால் காய்ந்த மணலுக்கு மாற்றிவிடுங்கள். களிமண் அலையை விழுங்கிவிடும், பிறகு ஆண்டெனாவை வீணாகச் சந்தேகிப்பீர்கள்.